ஒரு வரி எதைச் சொல்கிறது? தரவுத்தளம் படிக்கும் வன்னிப் பிள்ளைகளுக்குப் பதில்கள்

பாம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடத்திலும் படிக்கும் பிள்ளைகள் சிலர் கேள்வி அனுப்பியிருந்தார்கள். பல வருடமாகத் தரவுத்தளங்களோடு வேலை செய்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

அக்கா, உயர்தரம் வரை தமிழில் படித்தேன். இங்கே விரிவுரை எல்லாம் ஆங்கிலம். நோர்மலைசேஷன் (ஒரே தகவல் பல இடத்தில் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் பிரிக்கும் முறை) வரைவிலக்கணத்தைப் பாடமாக்கியும் அசைன்மென்டில் பிழைக்கிறது. (பாம்பைமடு, இரண்டாம் ஆண்டு)

தங்கச்சி, வரைவிலக்கணத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் ஊர்க் கமக்கார அமைப்பின் கொப்பி ஒன்றை நினையுங்கள். பெயர், விலாசம், தொலைபேசி, வயல், ஏக்கர், போகம், விதைத்த திகதி என்று கோடு போட்டிருக்கும். இரண்டு வயல் உள்ளவரின் பெயரும் தொலைபேசியும் இரண்டு வரியில் வரும். அவர் நம்பரை மாற்றினால் ஒரு வரியில் திருத்துவார்கள், மற்றது பழையபடி கிடக்கும். புதிதாகச் சேர்ந்து இன்னும் விதைக்காதவரை எழுத அங்கே இடமில்லை. ஒருவருடைய ஒரே விதைப்பு வரியை அழித்தால் ஆளே கொப்பியிலிருந்து போய்விடுவார். விரிவுரையில் சொல்லும் மூன்று வகைக் கோளாறும் இவைதான்.

இப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வரி எதைச் சொல்கிறது? ஆளையா, வயலையா, விதைப்பையா? மூன்றையும் சேர்த்துச் சொல்கிறது. ஆகவே மூன்று அட்டவணை. விதைப்பு அட்டவணையில் ஆளின் சாவி (அந்த ஆளின் வரியை மட்டும் குறிக்கும் அடையாளம்), வயலின் சாவி, போகம், திகதி மட்டும் இருந்தால் போதும்.

செய்கைக்காரரை வயல் அட்டவணையிலேயே எழுதினால் என்ன என்று தோன்றும். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு இருக்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் எவ்வளவு விதைப்பது என்று முடிவெடுப்பார்கள். காலபோகத்தில் சொந்தக்காரர் செய்த வயலைச் சிறுபோகத்தில் இன்னொருவர் செய்யலாம். அதனால் செய்கைக்காரர் வயலோடு ஒட்டியவர் இல்லை, விதைப்போடு ஒட்டியவர். இது எந்தப் பாடநூலிலும் இராது. கமக்காரரிடம் கேட்டால்தான் தெரியும். ஐபிஎம்மில் வேலை செய்த எட்கர் கோட் 1970இல், தரவை அட்டவணைகளாக வைக்கும் தொடர்பு மாதிரியைக் கட்டுரையாக எழுதினார், பீட்டர் சென் 1976இல், எவை எவை உண்டு, அவற்றுக்குள் என்ன தொடர்பு என்று காட்டும் ஈஆர் படத்தைத் தந்தார். அந்தப் படத்தைத் தமிழிலேயே வரைந்து, கொப்பி எழுதுகிறவரிடம் காட்டிச் சரி பாருங்கள். ஆங்கிலப் பெயரைக் கடைசியில் போடலாம்.

அடையாள அட்டை இலக்கத்தை முதன்மைச் சாவியாக வைக்கலாமா? எல்லோருக்கும் வேறு வேறாகத்தானே இருக்கிறது? (அறிவியல்நகர்)

வேண்டாம் தம்பி. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் பன்னிரண்டு இலக்கம். ஒரே ஆள் இரண்டு விதமாகப் பதிவாகிவிடுவார். சிறுபிள்ளைகளுக்கு அட்டையே இல்லை. இடம்பெயர்வில் ஆவணம் தொலைத்தவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்! இலக்கம் இல்லையென்பதற்காக ஒருவரைப் பதிய முடியாத தரவுத்தளத்தை நாம் கட்டக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. அந்த இலக்கத்துக்குள் பிறந்த ஆண்டும், ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கும். பெண்கள் என்றால் நாளோடு 500 கூட்டியிருக்கும். சாவியாக வைத்தால் தொடர்புள்ள எல்லா அட்டவணைக்கும் இந்த விவரம் போகும். தானாக ஏறும் ஓர் எண்ணைச் சாவியாக வையுங்கள். அடையாள இலக்கத்துக்குத் தனி நிரல் போட்டு, யுனிக் (ஒரே இலக்கம் இருமுறை வரக்கூடாது) என்று கட்டி, வெறுமையாகவும் விட அனுமதியுங்கள். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு தரவுத்தள மென்பொருளிலும் யுனிக் நிரலில் பல வெறுமை இருக்கலாம்.

தமிழ்ப் பெயரைத் தேடினால் சில வரிகள் அகப்படுவதில்லை. கண்ணுக்கு ஒரே பெயர்தான். (ஒட்டுசுட்டான்)

'கிளிநொச்சி' என்ற சொல்லை எடுப்போம். நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறை) பத்துக் குறி, யுடிஎஃப்-8இல் (அதைக் கணினியில் சேமிக்கும் வடிவம்) 30 பைட். இதில் 'நொ'வைக் கவனியுங்கள். ந-வோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம், எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும், உள்ளே வேறு வேறு. போஸ்ட்கிரெஸ் வழக்கமான அமைப்பில் இவற்றைச் சமன் என்று கொள்ளாது. சேமிக்கும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதற்கு நோர்மலைஸ் என்ற செயல்கூறு உண்டு.

பழைய கோப்பிலிருந்து ஏற்றிய வரிகள் என்றால் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவையும் சந்தேகியுங்கள். பாமினியில் தட்டியது உள்ளே ஆங்கில எழுத்தாகத்தான் இருக்கும்.

முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு நிரல் போடச் சொல்கிறார்கள். (நெடுங்கேணி)

நமக்குக் குடும்பப்பெயர் ஏது? தகப்பன் பெயர், தன் பெயர், அவ்வளவுதான். முழுப்பெயர் என்று ஒரு நிரல், முதலெழுத்தோடு அழைக்கும் பெயர் என்று இன்னொன்று. தொலைபேசி இலக்கத்தைச் சரமாக வையுங்கள், எண்ணாக வைத்தால் 077இன் முன் பூச்சியம் போய்விடும்.

டிரான்ஸாக்‌ஷன் எதற்கு என்று புரியவில்லை. என் புரோகிராம் அது இல்லாமலே ஓடுகிறதே? (வவுனியா)

பல வேலைகளை, எல்லாம் நடக்கும் அல்லது ஒன்றும் நடவாது என்று ஒன்றாகக் கட்டுவதுதான் அது. நான் வேலை செய்த ஓரிடத்தில் உரமூட்டை விற்ற கையோடு கரண்ட் போனது. இருப்பில் ஒரு மூட்டை குறைந்திருந்தது, பில் பதியவில்லை. மாலையில் கணக்குப் பொருந்தாமல், கவுண்டரில் நின்ற பிள்ளையைச் சந்தேகித்தார்கள். அவள் அழுததை நான் மறக்கவில்லை. பிழை எங்கள் புரோகிராமில் இருந்தது. இருப்பைக் குறைப்பதும் பில்லைப் பதிவதும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் இருந்திருந்தால், கரண்ட் வந்ததும் தரவுத்தளம் மாற்றங்களைக் குறித்துவைக்கும் தன் லாக்கைப் பார்த்து, கொமிட் ஆகாததை (முடிந்ததென்று உறுதியாகாததை) விட்டிருக்கும். ஒன்றில் இரண்டும் நடந்திருக்கும், இல்லாவிட்டால் இரண்டும் நடந்திராது.

உங்கள் புரோகிராம் ஓடுவது நீங்கள் ஒருவர் மட்டும் பாவிப்பதால். இரண்டு ஜன்னல் திறந்து, கடைசி மூட்டையை இரண்டிலும் ஒரே நேரத்தில் விற்றுப் பாருங்கள். 'இருப்பு பூச்சியத்தை விடக் கூடவென்றால் மட்டும் ஒன்று குறை' என்று அப்டேட் கட்டளையிலேயே நிபந்தனை போடுங்கள். எத்தனை வரி மாறியது என்று பார்த்து, பூச்சியம் என்றால் விற்பனையை நிறுத்துங்கள்.

எதில் பழகுவது? லாப்புக்கு வெளியே இன்டர்நெட் குறைவு. (துணுக்காய்)

எஸ்கியூலைட். முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு, சேர்வர் வேண்டாம், நெற் வேண்டாம். கட்டளை கை பழகியதும் போஸ்ட்கிரெஸுக்குப் போங்கள். எஸ்கியூலைட்டில் அந்நியச் சாவிச் சோதனை (வேறு அட்டவணையைக் காட்டும் சாவி அங்கே உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது) வழக்கமாக அணைந்திருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் பிராக்மா என்ற அமைப்புக் கட்டளையால் போட வேண்டும். போடாமல் விட்டால், இல்லாத கமக்காரர் இல்லாத வயலில் விதைத்ததாகவும் அது பதிந்துகொள்ளும்.

இறுதியாண்டு புரொஜெக்டுக்கு பேக்கப் தேவையா? (மாங்குளம்)

தேவை. எடுத்த பேக்கப்பை இன்னொரு கணினியில் ஏற்றிப் பார்த்தால்தான் அது பேக்கப். வைவாவுக்கு முந்தின வாரமே ஏற்றி, அட்டவணைக்கு எத்தனை வரி என்று இரண்டு பக்கமும் எண்ணிப் பாருங்கள்.