சீல் மாற்றுமுன் பிரீதரைப் பாருங்கள்

சகோதரம், உங்கள் பழைய இசுசு எல்ஃப் லொறியில் (4ஜேபி1 டீசல் எஞ்சின்) கியர்பொக்ஸ் பக்கம் ஒயில் சொட்டுகிறது, ஒயில் மூடியைத் திறந்தால் புகை வருகிறது, கராஜில் பின் சீல் (எஞ்சினின் பின்பக்கம் ஒயிலை அடைத்து வைக்கும் வளையம்) மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். உள்ளே அமுக்கம் கூடியிருந்தால் புது சீலும் கசியும்.

முதலில் பிரீதர் ஹோஸ், அதாவது எஞ்சினுக்குள் சேரும் காற்றும் புகையும் வெளியேறும் குழாய். உள்ளே கறுப்பாகக் கட்டிபட்டுக் கிடக்கும். கழுவி ஊதிப் பாருங்கள், காற்று தாராளமாகப் போகவேண்டும். அப்புறம் எஞ்சினைச் சூடாக்கி, ஐட்லிங்கில் ஒயில் மூடியைத் தலைகீழாக ஒயில் ஊற்றும் வாயின் மேல் சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் சரி. தூக்கி எறிந்தால் புளோபை (எஞ்சினின் கீழ்ப்பகுதிக்குள் கசிந்து சேரும் காற்று) அதிகம்தான்.

அப்போதும் பிஸ்டன் ரிங்ஸ் தேய்ந்து போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ஓல்டர்னேட்டரோடு இருக்கும் வெக்யூம் பம்புக்கு (பிரேக் பூஸ்டரிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்ப்) எஞ்சின் ஒயில்தான் போய்த் திரும்புகிறது. பிரேக் பூஸ்டர் ஹோஸில் வெடிப்பு இருந்தால், பம்ப் அந்தக் காற்றையெல்லாம் சம்புக்குள் (எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தொட்டி) தள்ளும். லொறியை நிறுத்திவைத்து, பூஸ்டர் ஹோஸைப் பம்ப் அருகே நசுக்கிப் பிடியுங்கள். புகை குறைந்தால் எஞ்சின் மேல் பழியில்லை.

ஒயில் பின்னால் சொட்டினாலும் எஞ்சினின் மேல் மூடியான டெப்பட் கவரின் பெக்கிங்கிலிருந்து வழிந்து வரலாம். கழுவிக் காயவைத்து, பவுடர் தூவி, கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு மேலிருந்து கீழே பாருங்கள்.

இதற்கெல்லாம் பிறகும் புகை நின்றபாடில்லை என்றால் லீக்டவுன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் காற்றடித்து எங்கே கசிகிறது என்று பார்ப்பது. டிப்ஸ்டிக் ஓட்டையில் காற்றுச் சீறினால் ரிங்ஸ்தான். சைலன்சரில் கேட்டால் எக்ஸோஸ்ட் வால்வு. கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் எஞ்சின் விலை கேட்பது அதற்குப் பிறகு. ரீடிங்கை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.