காய்கறி டீ குடித்தால் எடை குறையுமா? வீட்டில் எப்படிப் போடுவது?

சுரைக்காய், கேரட், இஞ்சி, சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து, வடிகட்டி, காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் கொழுப்பு கரையும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கரையாது. இஞ்சியோ சீரகமோ எதைப் போட்டாலும் எந்தக் கஷாயத்துக்கும் அந்த வேலை தெரியாது. ஆனால் எதை விட்டுவிட்டு இதைக் குடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எடை இறங்கும். அரை டம்ளர் பாலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் போட்ட ஒரு டீ 80, 90 கலோரி வரும். நாளைக்கு மூன்று குடித்தால் 250 சொச்சம். வடிகட்டிய காய்கறி டீயில் 15 இருந்தாலே அதிகம். மூன்றையும் மாற்றினால் தினம் சுமார் 200 கலோரி குறையும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. மற்ற சாப்பாடு மாறாமல் இருந்தால் ஒரு கிலோ இறங்க ஐந்தாறு வாரம் பிடிக்கும். டீக்குத் துணையாக வரும் பஜ்ஜியும் பிஸ்கட்டும் நின்றால் இன்னும் சீக்கிரம். பால் டீயையும் விடாமல் இதையும் குடித்தால் பாத்ரூமுக்கு நடப்பதுதான் கண்ட பலன்.

அதனால் வெறும் வயிறு என்பதற்குத் தனி மகிமை எதுவும் இல்லை. பால் டீயும் நொறுக்குத்தீனியும் தேடுகிற சாயங்கால நேரம்தான் இதற்குச் சரியான நேரம். இராத்திரிச் சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் குடித்தாலும் சிலருக்குச் சாப்பாட்டின் அளவு தானாகக் குறையும்.

இரண்டு டம்ளருக்கான அளவு: தண்ணீர் 600 மில்லி, சுரைக்காய் அல்லது வெள்ளைப்பூசணி 100 கிராம், கேரட் பாதி, இஞ்சி ஒரு அங்குலத் துண்டு, பூண்டு ஒரு பல், சீரகம் அரை டீஸ்பூன், மிளகு ஆறு, கொத்தமல்லித் தண்டு ஒரு கைப்பிடி, எலுமிச்சை பாதி.

காயைத் துருவாதீர்கள், துருவினால் கரைந்து, வடிகட்டியில் அடைத்து, கூழாகிவிடும். சிறு துண்டுகளாக நறுக்கிப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, பாதி மூடி, 15 நிமிடம் விடுங்கள். தட்டிய இஞ்சி, பூண்டு, சீரகம், மிளகு ஆகியவை கடைசி ஐந்து நிமிடத்துக்குத்தான். முதலிலேயே போட்டால் வாசனையெல்லாம் ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைத்த பிறகு கொத்தமல்லித் தண்டைப் போட்டு மூன்று நிமிடம் மூடிவைத்து வடிகட்டுங்கள். கரண்டியால் அழுத்திப் பிழிய வேண்டாம், கலங்கும். எலுமிச்சை டம்ளரில் ஊற்றிய பிறகு.

நல்ல வாசனையாக இருக்கட்டும் என்று முட்டைக்கோஸ், முள்ளங்கி சேர்ப்பவர்கள் உண்டு. இரண்டும் கொதிக்கக் கொதிக்கக் கந்தக வாடை விடும். இந்த டீயைப் பாதியில் கைவிடுகிற பலருக்கு அதுதான் காரணமாக இருக்கும். சப்பென்று இருக்கிறது என்று உப்பைக் கூட்டுவது அடுத்த தவறு. கால் டீஸ்பூன் உப்பு கிட்டத்தட்ட ஒன்றரை கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் அளவே 5 கிராமுக்குள்தான். உப்பு கூடினால் உடம்பில் நீர் தேங்கி எடை மெஷினில் முள் ஏறும். இரண்டு சிட்டிகை போதும், மீதியை எலுமிச்சை பார்த்துக்கொள்ளும். தேன் ஒரு டேபிள்ஸ்பூன் ஊற்றினால் 60 கலோரி, பால் டீயை விட்ட பலனில் பெரும்பகுதி அதோடு சரி.

வடிகட்டிய காயைக் கொட்டிவிடாதீர்கள். பசி தாங்க வைக்கும் நார்ச்சத்து அதில்தான் இருக்கிறது. தயிர் பச்சடியிலோ கூட்டிலோ சேர்த்துவிடலாம்.

சுரைக்காய் போடுவதாக இருந்தால் இதை மறக்கக் கூடாது: நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்ற நச்சு. கொதிக்க வைத்தால் போகாது, எலுமிச்சையும் இஞ்சியும் கசப்பை மறைக்குமே தவிர நச்சை முறிக்காது. கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்து இரத்த வாந்தி எடுத்தவர்களும் இறந்தவர்களும் உண்டு. இதை ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குழுவும் கசந்தால் குடிக்காதீர்கள் என்றுதான் சொன்னது. குடித்த பிறகு வாந்தி, வயிற்றுவலி வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சில செய்முறைகளில் நிலாவாரைப் பொடி ஒரு ஸ்பூன் என்று இருக்கும். கடையில் விற்கும் 'ஸ்லிம்மிங் டீ' பலவற்றிலும் இதே சரக்குதான். நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளைந்து ஏற்றுமதியாகும் நல்ல மலமிளக்கி அது, எடைக்கான மருந்து அல்ல. அது வேலை செய்வது பெருங்குடலில். சாப்பிட்டதன் கலோரியோ அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டிருக்கும். மறுநாள் காலை குறைந்திருக்கும் எடை மலமும் நீரும்தான். தினமும் குடித்தால் பொட்டாசியமும் சேர்ந்து வெளியேறும்.

சாப்பாட்டுக்குப் பதிலாக இதை மட்டும் குடிக்கிறவர்களுக்கு முதல் வாரம் ஒன்றிரண்டு கிலோ இறங்கும். அதுவும் பெரும்பாலும் நீர்தான், பழையபடி சாப்பிட்டதும் திரும்பி வரும். சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இப்படிச் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரிடும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களில் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டியவர்களிடம், காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள் என்பார்கள் டாக்டர்கள். கொட்டச் சொல்கிற அந்தத் தண்ணீர்தான் இந்த டீ. அவர்களுக்கு இது வேண்டாம்.