ரோபோத் திரளுக்கு நிரல் எழுதுதல்: கேள்வி பதில்

கேள்வி: திரளில், அதாவது தாமே முடிவெடுத்துக் கூட்டாக வேலை செய்யும் ரோபோக்களில், ஒன்று பழுதானாலும் மற்றவை வேலையை முடித்துவிடும் என்கிறார்கள். பழுதைக் கண்டறியத் தனி நிரல் தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. முழுவதும் நின்றுபோன ரோபோவைத் தடையாக எண்ணி மற்றவை விலகிச் சென்றுவிடும். அஞ்ச வேண்டியது அரைகுறையாகப் பழுதானதற்குத்தான். ஒளியை நோக்கிக் கூட்டமாக நகரும் ரோபோக்களை ஆராய்ந்த ப்யெர்க்னெஸ், வின்ஃபீல்ட் இருவரும், மோட்டார் மட்டும் செயலிழந்து தகவல் தொடர்பு மட்டும் வேலை செய்யும் ஒரு ரோபோ, கூட்டம் முழுவதையும் நகரவிடாமல் பிடித்து நிறுத்திவிடும் என்று 2013இல் காட்டினார்கள். அண்டை ரோபோக்கள் அதைத் தம்மில் ஒன்றாகவே கருதி, விட்டுப் பிரிய மறுப்பதுதான் காரணம். கூட்டம் பெரிதானால் இத்தகைய பழுதுகளும் கூடுமாதலால், எண்ணிக்கையை உயர்த்துவது தீர்வாகாது.

ஹார்வர்டில் ராதிகா நாக்பால் குழுவினர் 2014இல் கிலோபாட் என்னும் சிறு ரோபோக்கள் 1,024ஐ வைத்து வடிவங்களை அமைத்தபோதும் இதே சிக்கல் எழுந்தது. கிலோபாட்டுக்குச் சக்கரம் கிடையாது, 33 மி.மீ. அகலமுள்ள அது இரண்டு அதிர்வு மோட்டார்களால் ஊர்ந்து செல்கிறது. கூட்டத்தின் விளிம்பை ஒட்டி ஊரும் வரிசையில் ஒன்றின் மோட்டார் மந்தமானால் பின்னால் நெரிசல்தான். ஆகவே அண்டை ரோபோக்கள் ஒன்றையொன்று கண்காணித்துப் பிழையைக் கண்டுகொள்ளும் வழியையும் நிரலிலேயே சேர்த்திருந்தார்கள்.

கேள்வி: எந்த சிமுலேட்டரில் (ரோபோக்களைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) தொடங்கலாம்?

பதில்: திரளுக்கென்றே உருவான ஆர்கோஸில் தொடங்குங்கள்.

கேள்வி: ட்ரோன் ஒளிக்காட்சியும் திரள்தானே?

பதில்: இல்லை. வழக்கமான காட்சிகளில் ஒவ்வொரு ட்ரோனின் பாதையையும் தரையிலுள்ள கணினி முன்பே வகுத்துவிடுகிறது. அண்டையிலுள்ளதைக் கவனித்துத் தானே முடிவெடுப்பதுதான் திரளின் இலக்கணம்.

கேள்வி: ஒப்புக்கொள்ள முடியவில்லை ஐயா. மையக் கணினி இருந்தால் பிழையைத் தேடுவதும் எளிது. பிறகு எதற்கு இந்தத் தொல்லை?

பதில்: தரை அளந்து வைக்கப்பட்டு, வலையமைப்பும் நம்பகமாக உள்ள கிடங்கில் நீங்கள் சொல்வதே சரி, அங்கே திரளைத் திணிப்பதை நானும் எதிர்ப்பேன். நீருக்கடியில் அந்த வசதி இல்லை, ஏனெனில் ரேடியோ அலை தண்ணீரில் வெகுதூரம் போகாது. அதனால்தான் 2021இல் வெளியான புளூபாட் என்னும் மீன் ரோபோவுக்கு இரண்டு கேமராக்களும் மூன்று நீல விளக்குகளும் பொருத்தினார்கள். அண்டை மீனின் விளக்குகளைப் பார்த்தே அது தூரத்தையும் திசையையும் கணித்துக்கொள்கிறது. இடமும் தகவல் தொடர்பும்தான் முறையை முடிவு செய்ய வேண்டும், நம் விருப்பம் அல்ல.

கேள்வி: எந்த பேட்டரி நீடித்து உழைக்கும்?

பதில்: அதை மின்பொறியாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: சிமுலேட்டரில் எல்லாம் சரியாக ஓடுகிறது. நேரடியாக ரோபோக்களில் ஏற்றலாமா? எந்த சிமுலேட்டர் சிறந்தது என்றும் சொல்லுங்கள்.

பதில்: சிமுலேட்டரைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்; தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள். இப்போதே ஏற்ற வேண்டாம். சென்சார் அளவீடுகளில் பிசகைக் கலந்து, செய்திகளில் சிலவற்றைத் தொலையவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ரோபோவின் மோட்டாரை மட்டும் நிறுத்திப் பாருங்கள். அதன் தகவல் தொடர்பை அணைத்துவிடாதீர்கள். அணைத்தால் நீங்கள் சோதிப்பது முதலில் சொன்ன அந்த ஆபத்தான அரைகுறைப் பழுதை அல்ல.