துணி இறக்கையில் தொங்கியபடி பறக்கும், இன்ஜின் இல்லாத பாராகிளைடர் நூறு கிலோமீட்டர் பறப்பது எப்படி? சென்னை காசிமேட்டில் பழகலாமா?

வெயிலில் தரை சூடானால் அதை ஒட்டிய காற்றும் சூடாகி மேலே எழும்பும். இதுதான் தெர்மல். மணலி, மாதவரம் பக்கம் பருந்து இறக்கையை அசைக்காமலே வட்டமடித்து உயர்கிறதே, அதே வித்தைதான். பாராகிளைடரும் சுற்றிச் சுற்றி ஏறும், அப்புறம் அடுத்த தெர்மலை நோக்கிச் சறுக்கும். ஆயிரம் மீட்டர் உயரம் கையில் இருந்தால், அமைதியான காற்றில் எட்டு கிலோமீட்டராவது போகலாம். பாராகிளைடர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை வேரியோமீட்டர் என்ற கருவி ஒலியெழுப்பிச் சொல்லும்.

மலைச்சரிவுகளில் தெர்மல் வலுவாக இருக்கும். 2016-ல் பிரெஞ்சுக்காரர் அந்த்வான் ஜிரார், காரகோரம் மலைத்தொடரில் 8,051 மீட்டர் பிராட் பீக் சிகரத்தையே தாண்டிப் பறந்தார். மலையேறுபவர்கள் வாரக்கணக்கில் போராடும் உயரம் அது. எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

காசிமேடு மட்டும் வேண்டாம். மதியம் வீசும் குளிர்ந்த கடல்காற்று தெர்மலை அடக்கிவிடும், மின்கம்பிகளுக்கும் வீடுகளுக்கும் நடுவே இறங்க இடமும் இல்லை. இமாச்சலத்தின் பீர் பில்லிங்கில் பயிற்றுநரோடு தொடங்குங்கள்.