காலண்டர் தாளின் பின்பக்கம்

வாசகர் கேள்விகளுக்கு ஓவியர் அண்ணாச்சியின் பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, போனில் ஆயிரம் படம் சேமித்து வைத்திருக்கிறேன். ஆனால் நோட்டை எடுத்து உட்கார்ந்தால் ஒன்றும் தோன்றவில்லை. சென்னைக்காரர்களுக்குக் கடற்கரை, ரயில்வே ஸ்டேஷன் என்று எத்தனையோ உண்டு. எங்கள் ஊரில் வரைய என்ன இருக்கிறது? – வீரவநல்லூர் வாசகி

பதில்: ஏம்மா, தறிச் சத்தம் கேட்கிற ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? சரி, கோபம் இல்லை, நானும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். முழங்காலில் அடிபட்டு ஒரு ஐப்பசி மாதம் முழுக்க வீட்டுத் தார்சாவிலேயே கிடந்தேன், வெளியே அடைமழை, கண்ணெதிரே இருந்தது ஆச்சியின் அரிவாள்மனை ஒன்றுதான். முதல் நாள் ஐந்து நிமிஷத்தில் வரைந்து முடித்துவிட்டேன். பார்த்தால் அது ஆச்சியின் அரிவாள்மனையே இல்லை, பாத்திரக் கடையில் புதிதாக அடுக்கி வைத்திருப்பார்களே, அதில் ஒன்று.

மறுநாள் பேனாவைத் தொடாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷமாகச் சாணை பிடித்துப் பிடித்து அலகு நடுவில் தேய்ந்து மூன்றாம் பிறை மாதிரி ஆகியிருந்தது. தேங்காய் துருவுகிற பல்லில் இரண்டு மழுங்கிப் போயிருந்தன, பலகையில் ஆச்சி கால் வைக்கிற இடம் மட்டும் வழுவழுவென்று வெளுத்து, மற்ற இடமெல்லாம் வாழைப்பூக் கறை. அலகு ஆடுகிறதென்று யாரோ ஒரு பெரிய ஆணியை அடித்து வளைத்து வேறு விட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் ஆச்சி அதில் உட்கார்ந்து தடியங்காய் நறுக்கினாள், பலகையை மிதித்த பெருவிரல் எப்படித் தட்டையாகிறது என்று பிடிக்கவே நாலு பக்கம் போயிற்று. கால் சரியாகி நான் வெளியே இறங்கியபோது நோட்டில் பதினெட்டுப் பக்கம் அரிவாள்மனை.

பேர் தெரிந்த பொருள் என்றால் கண் பார்ப்பதை நிறுத்திவிடும், மனசு கைவசம் வைத்திருக்கிற படத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிடும், வினையே அங்கேதான். அதனால் தாளைப் பார்க்காமல், பொருளை மட்டும் பார்த்து, அதன் விளிம்போடு எறும்பு ஊர்கிற வேகத்தில் கண்ணையும் பேனாவையும் சேர்த்து நகர்த்துங்கள். படம் கோணலாகத்தான் வரும், வரட்டும், தேய்ந்ததும் நெளிந்ததும் அதில் வந்துவிடும். அப்புறம், பக்கத்தில் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் காயப் போட்டிருப்பதைப் பாருங்கள். ஈரத்தில் தட்டையாகக் கிடப்பது காயக் காய ஓரம் தூக்கும், அடியில் மெல்லிசாக ஒரு நிழல் விழும். ஒரே பாயை ஏழு மணிக்கு ஒருமுறை, பத்து மணிக்கு ஒருமுறை வரையுங்கள். உச்சி வெயிலில் போகாதீர்கள், நிழலும் இருக்காது, தலையும் வலிக்கும்.

கேள்வி: ஏழாவது படிக்கும் என் பையன் நன்றாக வரைகிறான். வரைவதற்கு டேப்லெட் வாங்கித் தரட்டுமா? – சங்கரன்கோவில் வாசகர்

பதில்: இப்போது வேண்டாம். சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறதா? தினமும் கிழிக்கிற தாளை அவனிடம் கொடுங்கள், பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும், கூடவே ஒரு பால்பாயிண்ட் பேனா. அழிக்க முடியாது என்பதுதான் அதில் சௌகரியம், தப்பாகப் போன கோட்டை வைத்துக்கொண்டே மேலே போக வேண்டியிருக்கும். தாள் சின்னது என்பதால் பயமும் இருக்காது. தேதி முன்பக்கத்தில் தானாகவே அச்சாகியிருக்கிறது, ஆடி அமாவாசைக்கு என்ன வரைந்தான் என்று பின்னால் தேடி எடுக்கலாம்.

கேள்வி: அடுத்தவர் படத்தைப் பார்த்தால்தான் எனக்கு யோசனையே வருகிறது. இது காப்பியா அண்ணாச்சி? – கோவில்பட்டி மாணவர்

பதில்: கையைப் பழக்குவதற்குக் காப்பி அடிப்பதில் தப்பே இல்லை தம்பி, அதைச் சொந்தப் படம் என்று சொல்லாதவரைக்கும். உங்கள் ஊரில் வாழ்ந்த கொண்டையராஜு நாடகங்களுக்குப் படுதா வரைந்தவர், அவருடைய சாமி படங்கள் சிவகாசிக் காலண்டர்களாக எத்தனையோ பூஜையறைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தப் படங்களில் சாமிக்குப் பின்னால் மலையும் ஆறும் தூணும் எப்படி மேடைத் திரை மாதிரி விரிகின்றன என்று பாருங்கள், முகத்தை அப்புறம் பார்க்கலாம்.

ஒரு நாள் திருப்புடைமருதூர் போய் வாருங்கள். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள்ளே மாடி மாடியாகச் சுவரோவியமும் மரச்சிற்பமும் இருக்கின்றன, அனுமதி கேட்டுத்தான் ஏற முடியும். அதில் குதிரைகளை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் வரும். கடலிலிருந்து இவ்வளவு தள்ளி, தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்து, புராணக் கதைகளுக்கு நடுவே அந்தக் காலத்து வியாபாரத்தையும் சேர்த்து வரைந்திருக்கிறான் ஒருத்தன். கீழே இறங்கினால் மருத மரத்தில் பறவைகள் கூடு கட்டிக் கத்திக்கொண்டிருக்கும், அதையும் வரைந்துவிட்டு பஸ் ஏறுங்கள். இன்னும் பழைய ஆள் ஒருத்தரும் உண்டு. ஆதிச்சநல்லூரில் 2004 வாக்கில் தோண்டியபோது கிடைத்த ஒரு பானை ஓட்டில் பெண், மான், கொக்கு, முதலை என்று களிமண்ணிலேயே உருவங்கள் ஒட்டியிருந்தன. எல்லாம் ஆற்றங்கரைச் சமாச்சாரம். அந்தக் குயவர் யோசனைக்காக எங்கே அலைந்தார் என்கிறீர்கள்?

கேள்வி: தெருவில் ஆட்களை வரைய ஆசை. ஆனால் அசைந்துகொண்டே இருக்கிறார்கள், முறைக்கவும் செய்கிறார்கள். – பாளையங்கோட்டை வாசகர்

பதில்: அசையாததை முதலில் போட்டுவிடுங்கள், பெஞ்சு, பாய்லர், தொங்குகிற வாழைத்தார். பிறகு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற ஆளாகப் பார்த்துப் பிடியுங்கள். டீ மாஸ்டர் கை எங்கே போனாலும் கடைசியில் தலைக்கு மேலே அதே உயரத்துக்கு வந்தே தீரும், ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒரு கோடு, பத்து டீக்குள் ஆள் முழுசாக வந்துவிடுவார்.

முறைக்கிறவர்களிடம் நோட்டை மறைக்காதீர்கள், மறைத்தால்தான் சந்தேகம். டவுனில் வாகையடி முக்குப் பக்கம் ஒரு டீக்கடை எதிரே நான் மறைத்து மறைத்து வரைந்துகொண்டிருந்தேன். கடைக்காரர், ஆக்கிரமிப்புக் கணக்கெடுக்க வந்த ஆள் என்று நினைத்து, வெளியே கிடந்த ஸ்டூலையெல்லாம் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டார், என் படத்தில் பாதி போயிற்று. வேறு வழியில்லாமல் போய் நோட்டைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, “வே, பாய்லர் இந்தப் பக்கம்லா இருக்கு, கண்ணு தெரியலையா?” என்றார். உண்மைதான், இடம் மாற்றிப் போட்டிருந்தேன். அப்புறம் ஸ்டூல்கள் எல்லாம் வெளியே வந்தன, எனக்கும் ஒரு டீ வந்தது, அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து கிளாஸைத் தூக்கிப் பிடித்தபடி பத்து நிமிஷம் அசையாமல் நின்றார். அந்த ஒரு படம் மட்டும் எனக்கு உருப்படியாக வரவில்லை.