கப்பல் வராத நாள்

கேள்வி: பஞ்ச காலத்தில் ஏழைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர்கள் இங்கே யாராவது உண்டா? எப்படிச் சமாளித்தீர்கள்?

நான் உண்டு. ஊர் கடலூர் முதுநகர். 1965-இல் எனக்கு எட்டு வயது, வீட்டில் ஐந்து பிள்ளைகள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எங்கள் துறைமுகத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைப் படகில் கொண்டுபோய்த்தான் ஏற்றுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் படகு போகாது, கூலியும் கிடையாது. அந்த வருஷங்களில் காசு இருந்தவர்களுக்கே அரிசி கிடைப்பது கஷ்டம்.

அப்படிப்பட்ட நாட்களில் அம்மா, "இன்னிக்கு ஒருசந்திடா" என்று சொல்லிவிடுவார். ஆண்டவருக்காக ஒருவேளைச் சாப்பாடு, மறுபேச்சு கிடையாது. பிரதமர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுக்கொடுக்கச் சொன்னபோது ஊரே அதைப் பேசியது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது செய்தியாகவே படவில்லை. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் இன்னும் சுலபம். கறிதான் கூடாது, மீன் கூடும். கறியை நாங்கள் கண்ணால் பார்த்ததே கிறிஸ்துமஸுக்கும் பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கும்தான்.

ஒருநாள் கோயிலில் வேதபாடம் சொல்லித்தரும் ஞானோபதேச வகுப்பில் உபதேசியார், "ஒருசந்தி என்னென்ன நாள்?" என்று கேட்டார். ஒருவன் சாம்பல் புதன் என்றான், இன்னொருவன் பெரிய வெள்ளி என்றான். நான் எழுந்து, "கப்பல் வராத நாள்" என்றேன்.

அன்று சாயங்காலமே கோயிலில் கொடுக்கும் அமெரிக்கக் கோதுமையும் பால் பவுடரும் வீட்டுக்கு வந்துவிட்டன. "வீட்டுக் கதையக் கோயில்ல போய்ச் சொல்லிட்டு வந்தியா?" என்று அம்மா முதுகில் இரண்டு வைத்தார். அப்புறம் கோதுமையை உலையில் போட்டார். சோறு மாதிரி வடிக்கப் பார்த்தார். அது வடியவில்லை, களியாகிவிட்டது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்போடு ஐந்து பேரும் சட்டியை வழித்தோம். பால் பவுடர் கரைக்கும் வரை தங்கவில்லை. மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அந்த ருசி இன்னும் நினைவிருக்கிறது. அம்மா மட்டும் கோதுமையைத் தொடவில்லை.

1967-இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி சென்னைக்கும் கோவைக்கும் வந்தது. நாங்கள் டீக்கடைப் பேப்பரில் படித்துக்கொண்டோம்.

ரொம்ப வருஷம் கழித்து அம்மாவுக்குச் சர்க்கரை வந்தது. ராத்திரியில் கோதுமை சாப்பிடுங்கள் என்றார் டாக்டர்.

"அதுக்கு நான் ஒருசந்தியே இருந்துக்கிறேன்" என்றார் அம்மா.