விடுதலையான பிறகும் டி.என்.ஏ. பதிவு இருக்குமா?

கேள்வி: சந்தேகத்தின் பேரில் ஒருவரைப் பிடித்து டி.என்.ஏ. மாதிரி எடுக்கிறார்கள். பிறகு குற்றமற்றவர் என்று தெரிந்துவிட்டால் அந்தப் பதிவு என்ன ஆகும்?

பதில்: நாட்டுக்கு நாடு வேறுபடும். அதற்கு முன், மாதிரியையும் பதிவையும் தனித்தனியாகப் பாருங்கள். பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறம் தேய்த்து எடுப்பது மாதிரி. அதை ஆய்வு செய்து கணினியில் ஏற்றும் சில எண்கள் மட்டும்தான் பதிவு. டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் ஒரு சிறு துண்டு எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்ற கணக்குதான் அந்த எண்கள். அமெரிக்காவின் தேசியத் தரவுத்தளத்தில் 2017 முதல் டி.என்.ஏ.வின் 20 இடங்களைக் கணக்கில் எடுக்கிறார்கள். அதில் பெயர்கூட இருக்காது, மாதிரியின் எண்ணும் ஆய்வகத்தின் குறியீடும்தான் இருக்கும், எங்காவது பொருந்தினால் ஆய்வகம் சரிபார்த்த பிறகே ஆள் யார் என்று வெளிவரும். ஆனால் மாதிரி அப்படியல்ல. பரம்பரை நோய், ரத்த உறவு என்று எல்லாமே அதற்குள் இருக்கிறது. அதனால் 'மாதிரியை எப்போது அழிப்பீர்கள்?' என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

1995இல் தேசியத் தரவுத்தளம் தொடங்கிய பிரிட்டனில், பின்னாளில் கைதான எல்லோருடைய பதிவையும் விடுதலையானாலும் வைத்துக்கொண்டே இருந்தார்கள். 11 வயதில் கைதாகி விடுதலையான ஒரு சிறுவனும், வழக்கே கைவிடப்பட்ட இன்னொருவரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2008 டிசம்பரில் 17 நீதிபதிகளும் ஒருமனதாக இது தனிமனித உரிமை மீறல் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம்தான் 2012இல் சட்டம் மாறியது. இப்போது அங்கே மாதிரியைப் பொதுவாக 6 மாதத்துக்குள் அழித்தாக வேண்டும், சிறு குற்றத்துக்குக் கைதாகி விடுதலையானவரின் பதிவு தானாகவே நீங்கிவிடும், கடும் குற்றச்சாட்டு என்றால் மட்டும் 3 ஆண்டு வைத்திருக்கலாம். இதைக் கண்காணிக்க காவல் துறைக்கு வெளியே ஓர் ஆணையரும் உண்டு.

அமெரிக்காவில் விடுதலையானவர்தான் நீதிமன்ற ஆணையின் சான்றிட்ட நகலைக் கொடுத்து நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்ற நடைமுறை பல இடங்களில் இருக்கிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. வழக்கில் அலைக்கழிந்து வெளியே வந்தவரை மறுபடியும் அலையவிடுவது என்ன நியாயம்? எடுத்தவர்களே நீக்குவதுதான் முறை.

கேள்வி: எல்லோருடைய டி.என்.ஏ.வையும் சேர்த்துவைத்தால் குற்றவாளியை உடனே பிடித்துவிடலாமே?

பதில்: குவைத் முயன்று பார்த்தது. 2015இல் எல்லோரும் மாதிரி தர வேண்டும் என்று சட்டம் போட்டார்கள், 2017இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உரிமைப் பிரச்சினை ஒருபுறம் இருக்கட்டும், தரவுத்தளம் பெரிதாகப் பெரிதாகத் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பும் கூடும். 1999இல் பிரிட்டனில் ஒரு திருட்டு வழக்கில், சம்பந்தமே இல்லாத நோயாளி ஒருவரின் பதிவு அப்போது ஒப்பிட்ட 6 இடங்களிலும் பொருந்திவிட்டது. கூடுதல் இடங்களைச் சோதித்த பிறகே அவர் தப்பினார்.

ஜெர்மனியில் நடந்தது இன்னும் விபரீதம். கொலை, திருட்டு என்று பல வழக்குகளில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. வந்துகொண்டே இருந்தது. ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். மாதிரி எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக்குச்சிகளைக் கையாண்ட ஒரு தொழிலாளியின் டி.என்.ஏ.தான் அது என்று 2009இல் தெரியவந்தது. இதனால்தான் ஆய்வக ஊழியர்கள், சம்பவ இடத்துக்குப் போகும் காவலர்கள் போன்றவர்களின் பதிவுகளைத் தனியாக வைத்து, ஒவ்வொரு தடயத்தையும் முதலில் அவற்றோடு ஒப்பிட்டுக் கழித்துவிடுகிறார்கள்.